நாலரை ஆண்டுக் கணக்கு: 2018இல் கொழும்பில் மூன்று அதிகாரங்கள் மோதியபோது

சட்டம் இயற்ற நாடாளுமன்றம், ஆட்சி நடத்த நிறைவேற்றுத்துறை, தீர்ப்புச் சொல்ல நீதித்துறை. அதிகாரப் பிரிவினையைப் பற்றிப் பாடப்புத்தகம் இவ்வளவுதான் சொல்கிறது. மூவரில் ஒருவர் இன்னொருவரின் இடத்தில் கால் வைத்துவிட்டால் அப்புறம் என்ன நடக்கும்? அவரை யார் தடுப்பது, எதைக் கொண்டு தடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுபவர்கள் இலங்கையில் 2018 அக்டோபர் 26 முதல் டிசம்பர் 16 வரை நடந்ததைப் படிக்க வேண்டும். ஜனாதிபதி ஒரு பிரதமரை நீக்கி இன்னொருவரை நியமித்தார், பிறகு நாடாளுமன்றத்தையே கலைத்தார். 52 நாள் அரசாங்கம் என்று இன்றும் மக்கள் சொல்வது அந்த நாட்களைத்தான்.

அந்த நெருக்கடியை நீதிமன்றம் தீர்த்துவைத்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. நீதிமன்றத்தால் கலைப்புப் பிரகடனத்தை ரத்துச் செய்ய முடிந்தது, ஒரு பிரதமரைக் கொண்டுவர முடியவில்லை. நாடாளுமன்றத்திடம் பெரும்பான்மை இருந்தது, ஆனால் கலைக்கப்பட்ட பிறகு அதற்குக் கூடவே இடமில்லை. ஒன்றின் கையில் இருந்த பாதி மற்றதற்குத் தேவைப்பட்டது. நிகழ்வுகளை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

பழைய வடு

1978ஆம் ஆண்டு அரசமைப்பை ஜே.ஆர். ஜயவர்தன தன் கைக்கு ஏற்ற அளவில் எழுதினார். நேரடியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஜனாதிபதி, அவருக்குக் கீழே பிரதமர். நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து ஓராண்டு கழிந்துவிட்டால், ஏறக்குறைய தான் விரும்பிய நாளில் ஜனாதிபதி சபையைக் கலைக்கலாம். ஜனாதிபதியும் நாடாளுமன்றப் பெரும்பான்மையும் ஒரே கட்சியாக இருந்தவரை இதன் ஆபத்து வெளியே தெரியவில்லை.

2001 டிசம்பரில் ரணில் விக்ரமசிங்கவின் அணி வென்றது. ஜனாதிபதியாக எதிர்க்கட்சியைச் சேர்ந்த சந்திரிகா குமாரதுங்க இருந்தார். 2003 நவம்பரில் ரணில் வாஷிங்டனில் இருந்த நேரத்தில் பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் சந்திரிகா தன் கையில் எடுத்துக்கொண்டார். 2004 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தையே கலைத்தார். சபையில் பெரும்பான்மை இருந்த அரசு வீட்டுக்குப் போனது. அதோடு சேர்ந்து, புலிகளுடனான பேச்சுவார்த்தையை நடத்திக்கொண்டிருந்த அரசும் போனது. வடக்கு கிழக்கில் இருந்தவர்களுக்கு இது வெறும் சட்ட நுணுக்கமாக இருக்கவில்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அந்த வடுவை மனதில் வைத்துத்தான் 2015இல் 19ஆம் திருத்தம் எழுதப்பட்டது. ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைப்பேன் என்று வாக்குறுதி தந்து வென்றவர் மைத்திரிபால சிறிசேன. அவரே முன்நின்று அதை நிறைவேற்றினார். சபையில் ஒரே ஒருவர்தான் எதிர்த்து வாக்களித்தார். பதவியில் இருக்கும் ஒரு ஜனாதிபதி தன் அதிகாரத்தைத் தானாக விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம். பின்னர் நடந்ததை வைத்து அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்கத் தேவையில்லை.

2018இல் வந்த வழக்குக்கு முக்கியமான மாற்றங்கள் இரண்டு. முதலாவது, பிரதமரை ஜனாதிபதி தன் கையொப்பமிட்ட கடிதத்தால் நீக்கலாம் என்று பழைய அரசமைப்பில் இருந்த வாசகம் எடுக்கப்பட்டது. இரண்டாவது 70ஆம் உறுப்புரை. ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கூட்டலாம், ஒத்திவைக்கலாம், கலைக்கலாம் என்று அது தொடங்குகிறது. உடனே ஒரு நிபந்தனை வருகிறது: முதல் அமர்வு நாளிலிருந்து நான்கு ஆண்டு ஆறு மாதம் கழியும்வரை கலைக்கக் கூடாது. அதற்கு முன் கலைக்க வேண்டுமானால் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 225 பேரில் 150 பேர், தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும்.

அதே திருத்தம் இன்னொரு இடத்தில் ஒரு சிறு வாசலைத் திறந்துவைத்தது. ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பட்டியலிடும் 33(2) உறுப்புரையில் (இ) என்ற வரி, நாடாளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்று மொட்டையாகச் சொல்கிறது. 70க்கு உட்பட்டு என்ற ஒரு சொற்றொடரை அங்கே சேர்த்திருந்தால் நாடு ஐந்து வாரம் தவித்திருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் முன்னாள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் அணி பெருவெற்றி பெற்றது. ஏப்ரலில் பிரதமர் ரணில் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து, 76க்கு 122 என்று தோற்றது. சபையின் நம்பிக்கை யாரிடம் இருக்கிறது என்பது அப்போதே எண்ணிப் பார்க்கப்பட்டுவிட்டது.

அக்டோபர் 26 மாலை சிறிசேனவின் கூட்டணி, ரணிலின் கட்சியோடு சேர்ந்து நடத்திய தேசிய அரசாங்கத்திலிருந்து விலகியது. சற்று நேரத்தில் மஹிந்த பிரதமராகப் பதவியேற்றார். நீங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள் என்று ரணிலுக்குக் கடிதம் போனது. அவர் பிரதமரின் இல்லமான அலரி மாளிகையை விட்டு வெளியேற மறுத்தார், ஆதரவாளர்கள் அங்கே திரண்டார்கள். மறுநாள் நாடாளுமன்றம் நவம்பர் 16 வரை ஒத்திவைக்கப்பட்டது.

ஜனாதிபதி தரப்புக்கு ஒரு வாதம் இருந்தது. தேசிய அரசாங்கம் கலைந்ததால் அமைச்சரவையும் இல்லாமல் போனது, அதோடு பிரதமர் பதவியும் முடிந்தது, இனி சபையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தனக்குத் தோன்றுபவரை 42(4) உறுப்புரையின்படி ஜனாதிபதி நியமிக்கலாம் என்றார்கள். முற்றாகத் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் புதிய பிரதமருக்கு நம்பிக்கை இருக்கிறது என்று உண்மையாகவே நம்பியவர், அடுத்த நாளே அந்த நம்பிக்கையைக் காட்டக்கூடிய ஒரே இடத்துக்குப் பூட்டுப் போட்டிருக்க மாட்டார்.

அந்தப் பூட்டு, ஆள் சேர்க்க அவகாசம் தந்தது. கட்சி மாறியவர்களுக்கு அமைச்சர் பதவிகள் வழங்கப்பட்டன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 16 பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் போய்ப் பிரதி அமைச்சரானார். அப்படியும் பெரும்பான்மைக்கு வேண்டிய 113 வரவில்லை. நவம்பர் 9ஆம் தேதி, தங்களிடம் 104 அல்லது 105 பேர் இருக்கிறார்கள் என்று அந்த அணியின் பேச்சாளரே ஒப்புக்கொண்டார். அன்று இரவே அரசிதழான வர்த்தமானியில் அறிவிப்பு வந்தது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, 2019 ஜனவரி 5 தேர்தல்.

2015 செப்டெம்பர் 1ஆம் தேதி முதல் முறையாகக் கூடிய சபை அது. மூன்று ஆண்டும் இரண்டு மாதமும்தான் ஆகியிருந்தது. மூன்றில் இரண்டு பங்குத் தீர்மானமும் இல்லை.

புதுக்கடையில்

நவம்பர் 12 திங்கட்கிழமை கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவரும் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவருமான இரா. சம்பந்தன், ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சி, இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி., முஸ்லிம் கட்சிகள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற ஆய்வு அமைப்பு எனப் பல தரப்பினர். தேர்தல் ஆணைக்குழுவின் மூன்று உறுப்பினர்களில் ஒருவரான பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூலும் மனுதாரரானார். தேர்தலை நடத்த வேண்டிய பொறுப்பில் இருப்பவரே, இந்தத் தேர்தலுக்கு அழைப்பு விடுத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றத்துக்கு வந்தார். இந்த வழக்கில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் அது ஒன்று.

எல்லாமே அடிப்படை உரிமை மனுக்கள். உயர் நீதிமன்றம்தான் இலங்கையின் இறுதி நீதிமன்றம். மறுநாள் மாலையே மூன்று நீதியரசர்கள் கொண்ட ஆயம் கலைப்புப் பிரகடனத்துக்கு டிசம்பர் 7 வரை இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு அடுத்த நாள் காலை நாடாளுமன்றம் கூடியது. தடை ஒரு வாரம் பிந்தியிருந்தால் நடந்திருக்கக்கூடியதை யோசித்துப் பாருங்கள்: வேட்புமனுத் தாக்கல் நவம்பர் 19இல் தொடங்கவிருந்தது. கட்சிகள் பட்டியல் போடத் தொடங்கிவிட்டால் பிறகு எந்தத் தீர்ப்பும் ஏட்டில்தான் இருந்திருக்கும்.

முழு விசாரணை டிசம்பர் 4இல் தொடங்கியது. பிரதம நீதியரசர் நளின் பெரேரா தலைமையில் ஏழு பேர் கொண்ட ஆயம். அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் முன்வைத்த வாதங்களில் மூன்று முக்கியமானவை.

33(2)(இ) தனியே நிற்கும் அதிகாரம், 70ஆம் உறுப்புரையின் கட்டுப்பாடு அதைத் தொடாது என்பது முதல் வாதம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அந்த வரி ஜனாதிபதிக்கு அதிகாரம் இருப்பதைச் சொல்கிறது, 70ஆம் உறுப்புரை அதை எப்போது எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்கிறது, இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்றது. சட்டமா அதிபர் சொன்னபடி வாசித்தால் நாலரை ஆண்டு நிபந்தனைக்கு வேலையே இல்லை. முன்வாசலில் காவல் போட்டுவிட்டுப் பின்வாசலைத் திறந்துவிட்டது மாதிரி ஆகிவிடும். ஒரு நாடாளுமன்றம் மெனக்கெட்டு எழுதிய வாசகம் பயனற்றது என்று முடிகிற விளக்கத்தை எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது.

இரண்டாவது வாதம் நீதிமன்றத்தின் வாசலிலேயே மனுதாரரை நிறுத்தப் பார்த்தது. ஜனாதிபதி அரசமைப்பை மீறினார் என்றால் அதற்கு அவரைப் பதவியிலிருந்து நீக்க நாடாளுமன்றம் கொண்டுவரும் 38ஆம் உறுப்புரையின் குற்றப்பிரேரணை இருக்கிறது, நாடாளுமன்றத்தைக் கலைப்பது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயல் என்ற வரையறைக்குள் வராது, ஆகவே அடிப்படை உரிமை வழக்கு செல்லாது என்றார்கள். என் பார்வையில் வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருந்தது. கலைக்கப்பட்ட நாடாளுமன்றம் குற்றப்பிரேரணை கொண்டுவர முடியாது. அந்த வாதம் வென்றிருந்தால், தவறைத் திருத்தும் ஒரே கருவியைத் தவறு செய்தவரே முன்கூட்டி அழித்துவிடலாம்.

நீதிமன்றம் 35ஆம் உறுப்புரையை எடுத்துக்கொண்டது. 19ஆம் திருத்தத்துக்குப் பிறகு, ஜனாதிபதி உத்தியோக முறையில் செய்யும் செயல்களை எதிர்த்து சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யலாம். இதற்கு அந்த உறுப்புரையே ஒரேயொரு விலக்கைத்தான் தருகிறது: போரும் சமாதானமும் பிரகடனம் செய்யும் அதிகாரம். கலைக்கும் அதிகாரம் அதே 33(2) பட்டியலில் சில வரி தள்ளி இருக்கிறது. அதையும் விலக்க வேண்டும் என்று எண்ணியிருந்தால் எழுதியிருப்பார்கள், எழுதவில்லை.

மூன்றாவது வாதம் மேடையில் நன்றாகக் கைதட்டல் வாங்கக்கூடியது. கலைத்தது மக்களிடம் போவதற்காகத்தானே, வாக்களிக்க வாய்ப்புத் தருவது எப்படி உரிமை மீறலாகும் என்று கேட்டார்கள். அன்று தெருவிலும் பலர் இதைக் கேட்டார்கள். மக்களின் வாக்குரிமை சட்டப்படி அழைக்கப்பட்ட தேர்தலில் பயன்பட வேண்டியது, சட்டத்தை மீறிய ஒரு பிரகடனத்துக்கு அது மறைப்பாகாது என்பதே நீதிமன்றத்தின் நிலை. 2015இல் வாக்களித்தவர்களும் அதே மக்கள்தான். அவர்கள் ஐந்து ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்ததை ஒருவர் தன் வசதிக்காக மூன்றாக்கக் கூடாது.

டிசம்பர் 13 மாலை தீர்ப்பு வந்தது. ஏழு பேரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஜனாதிபதி உட்பட எந்தப் பொது அதிகாரிக்கும் எல்லையற்ற அதிகாரத்தை நம் சட்டம் ஏற்கவில்லை. சட்டத்தின் முன் சமத்துவம் சொல்லும் 12(1) உறுப்புரை மீறப்பட்டது. பிரகடனம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஏழு நீதியரசர்களில் சிலர் சிறிசேனவே நியமித்தவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைக் குற்றப்பிரேரணை மூலம் வீட்டுக்கு அனுப்பிய நாடு இது. ஆறே ஆண்டில் அதே நீதிமன்றத்திலிருந்து இப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

தியவன்னாவில்

நீதிமன்றம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் தியவன்னா ஏரியில் அமைந்த நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. நவம்பர் 14 காலை, தடை உத்தரவின் ஈரம் காயும் முன், மஹிந்தவின் அரசுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. 122 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். கூச்சலுக்கு நடுவே சபாநாயகர் கரு ஜயசூரிய குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியதாக அறிவித்தார். நிலையியற் கட்டளைகள் பின்பற்றப்படவில்லை என்று சொல்லி ஜனாதிபதி ஏற்க மறுத்தார்.

16ஆம் தேதி நடந்ததை நேரலையில் நாடே பார்த்தது. சபாநாயகரின் ஆசனத்தை மஹிந்த அணி உறுப்பினர்கள் முற்றுகையிட்டார்கள். பொலிஸார் சூழ சபாநாயகர் உள்ளே வந்தார். அவரை நோக்கிப் புத்தகங்கள் பறந்தன, கதிரைகள் பறந்தன, மிளகாய்த்தூளும் பறந்தது. ஆசனத்துக்குப் போக முடியாமல் கீழே நின்றபடியே அவர் வாக்கெடுப்பை நடத்தினார். பிரேரணை மறுபடி நிறைவேறியது, ஜனாதிபதி மறுபடி ஏற்கவில்லை.

பெரும்பான்மை இருக்கிறது, அதைச் சொல்லியும் ஆயிற்று, ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. அரசமைப்பு இதற்கு நேரடியான பரிகாரம் எதையும் எழுதிவைக்கவில்லை. எனவே நாடாளுமன்றம் தன் பழைய கருவியான பணப்பையைக் கையில் எடுத்தது. நவம்பர் 29இல் பிரதமர் அலுவலகச் செலவை நிறுத்தும் தீர்மானம் 123 வாக்குகளால் நிறைவேறியது, எதிர்த்தரப்பு சபையைப் புறக்கணித்தது. மறுநாள் அமைச்சர்களின் செலவுக்கும் அதேபோல.

அதே 122 பேர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போனார்கள். எந்த உரிமையில் இந்தப் பதவியில் இருக்கிறீர்கள் என்று மஹிந்தவையும் அமைச்சர்களையும் கேட்கும் மனு. சபையின் நம்பிக்கையை இழந்தவர்கள் தொடர்ந்து பதவியில் இருந்தால் ஈடுசெய்ய முடியாத சேதம் ஏற்படலாம் என்று டிசம்பர் 3ஆம் தேதி அந்த நீதிமன்றம் அவர்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. இங்கேதான் இரண்டு பாதிகளும் பொருந்தின. நம்பிக்கையில்லை என்று நாடாளுமன்றம் வாக்களித்திருக்காவிட்டால் இந்த மனுவுக்கு அடித்தளமே இல்லை. உயர் நீதிமன்றம் கலைப்பைத் தடுத்திருக்காவிட்டால் வாக்களிக்க ஒரு சபையே இல்லை.

டிசம்பர் 12இல் ரணில் மீது நம்பிக்கை தெரிவிக்கும் தீர்மானம் 117 வாக்குகளால் நிறைவேறியது. ஜே.வி.பி. அதில் சேரவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்குகள் இல்லாமல் 113ஐ எட்டியிருக்க முடியாது. 13இல் கலைப்புத் தீர்ப்பு. 14இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தடையை நீக்க உயர் நீதிமன்றம் மறுத்தது. 15இல் மஹிந்த விலகினார். 16 ஞாயிறு காலை, என் வாழ்நாளில் இவரை மீண்டும் நியமிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்த சிறிசேன ரணிலுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். இராணுவம் தெருவுக்கு வரவில்லை, தீர்ப்பை மீற ஜனாதிபதியும் முயலவில்லை. அந்தக் கடைசிப் பணிவு இல்லாவிட்டால் ஏழு நீதியரசர்களின் கையெழுத்துக்கு என்ன பலம் இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தமிழர் பக்கத்திலிருந்து

தீர்ப்பின் பெயரிலேயே சம்பந்தன் இருக்கிறார். கொழும்பின் மூன்று அதிகாரங்களுக்கு நடுவிலான எல்லையைக் காக்க, அந்த அரசிடம் தன் மக்களுக்கான அதிகாரப் பகிர்வை வாழ்நாள் முழுதும் கேட்டு நின்றவர் வழக்காடினார். இதனால் நமக்கென்ன என்று அப்போது யாழ்ப்பாணத்தில் கேட்டவர்கள் உண்டு, அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. 2006 அக்டோபரில் வடக்கையும் கிழக்கையும் பிரித்தது இதே உயர் நீதிமன்றம். 2016 முதல் நடந்துவந்த புதிய அரசமைப்பு முயற்சியும் இந்த 52 நாட்களோடு மூச்சிழந்தது.

ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். எழுதிய வாசகத்தை ஜனாதிபதி ஓர் இரவில் தாண்டிவிடலாம் என்றால், நாளை எழுதப்படும் எந்த அதிகாரப் பகிர்வுக்கும் அதே கதிதான். வழக்கில் வென்று ஒரு வாரம் ஆகுமுன்பே, டிசம்பர் 18இல், எதிர்க்கட்சித் தலைவர் பதவி சம்பந்தனிடமிருந்து மஹிந்தவுக்குப் போனது.

பிறகு

2019 நவம்பரில் மஹிந்தவின் தம்பி கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். சபையில் பெரும்பான்மை இல்லை, உடனே கலைக்க ஆசை இருந்திருக்கும். அவர் 2020 மார்ச் 2 வரை காத்திருந்தார். நாலரை ஆண்டு முடிந்தது மார்ச் 1. தீர்ப்பு எந்த அளவுக்கு வேரோடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வாசகத்தையே மாற்றுவதை ஒரு தீர்ப்பால் தடுக்க முடியாது. 2020 அக்டோபரில் 156 வாக்குகளோடு 20ஆம் திருத்தம் வந்து, 19இன் பெரும்பகுதியை அழித்தது. நாலரை ஆண்டு இரண்டரையானது. பொருளாதாரம் சரிந்து கோட்டாபய நாட்டை விட்டு ஓடிய பிறகு, 2022 அக்டோபரில் 21ஆம் திருத்தம் 179 வாக்குகளோடு நிறைவேறியது. 2015இல் தனியாக எதிர்த்து வாக்களித்த அதே ஒருவர் இந்த முறையும் தனியாக எதிர்த்தார். சுயாதீன ஆணைக்குழுக்கள் பல திரும்பி வந்தன, கலைப்புக் காலம் இரண்டரை ஆண்டாகவே நின்றுவிட்டது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. உயர் நீதிமன்றம் தீர்த்தது நவம்பர் 9இன் கலைப்பை மட்டும்தான். அக்டோபர் 26இல் ரணிலுக்குப் போன கடிதம் சட்டப்படி செல்லுமா என்பதை அது விசாரிக்கவில்லை. பிரதமர் பதவி பற்றிய மேன்முறையீடு 2019 ஜனவரியில் விசாரணைக்கு வரவிருந்தது. அதற்குள் மஹிந்த விலகிவிட்டதால் அந்தக் கேள்வி தீர்ப்பில்லாமலே நின்றுபோனது.